பேர் சொல்லக் கூடாத கிழங்கு

எங்கள் வீட்டில் ஒரு கிழங்குக்குப் பேர் கிடையாது. ஊரில் உண்டு. சந்தையில் பேர் சொல்லிக் கூவித்தான் விற்பார்கள். நான் வாழ்க்கைப்பட்ட ராஜபாளையத்து வீட்டில் மட்டும் பெண்டுகள் அதைச் சொல்ல மாட்டோம். என் மாமியாருக்கு முருகனுடைய இளையவளின் பேர். தினைப்புனத்தில் கிளி விரட்டினாளே, அவளுடைய பேர். அந்தப் பேரோடு கிழங்கைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அதுதான் அந்தக் கிழங்கு. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை என்று சொல்லும்போது கூட, நாக்கு ஓரெழுத்து இடறிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

இதைப் படிக்கிற இந்தக் காலத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புருஷனை ‘இந்தாங்க’ என்றும், பெற்ற பிள்ளைக்கு மாமனார் பேரை வைத்துவிட்டதால் அவனை ‘ஏலே’ என்றும் கூப்பிட்டே காலம் தள்ளியவள் நான். இதில் நான் யாருடைய பேரையும் எழுதாததற்கும் அதுதான் காரணம். ஒரு பேரை எழுதினால் எல்லாப் பேரையும் எழுத வேண்டி வரும். அத்தை பேரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தேர்முட்டிக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவள் என்கிற கொழுப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். செண்பகத்தோப்பிலிருந்து மலைக்காரர்கள் தேனும் கிழங்கும் கொண்டு வந்து எங்கள் தெருவில் போட்டுவிட்டு அரிசி வாங்கிப் போவார்கள். அம்மா கிழங்கைச் சீவி வேகவைத்துத் தட்டில் வைப்பாள், நான் தின்பேன். அது மண்ணுக்குள் எப்படிக் கிடக்கும், மேலே என்ன இலை விட்டிருக்கும், ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

அத்தை என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. கோபம் வந்தால் அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசும். நல்ல உயரம். தலைமுடியை அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் நின்று அதை உலர்த்தும்போது, என் மாமனார் எதையாவது தேடுகிற சாக்கில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய் வருவார். நாங்கள் பார்க்காதது போல் இருந்துவிடுவோம். மாதாமாதம் கிருத்திகைக்கு அத்தை விரதம் இருப்பாள். சோறு கிடையாது. மதியம் ஒரு வேளை, தன் பேருள்ள அந்தக் கிழங்கை வேகவைத்து வெல்லமும் தேங்காயும் போட்டுத் தின்பாள், அவ்வளவுதான்.

அந்தக் கிழங்கை நான் எப்படிக் கேட்டு வாங்குவது? கல்யாணமான புதிதில் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். கடைசியில் நானாகவே அதற்கு ஒரு பேர் வைத்தேன். கொடியாகப் படர்ந்து அடியில் கிழங்கு வைக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன், ஆகையால் கொடிக்கிழங்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆண்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கும் அடுப்புக்கும் கிழங்கு கொண்டு வருகிற கூடைக்காரிக்கும் இடையில் புழங்கிய சொல் அது.

இப்படி இருக்கையில் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி எனக்கு ஓரகத்தி ஒருத்தி வந்தாள். வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் பக்கத்து மலையடிவாரத்துப் பெண். பதினாறு வயதிருக்கும். அவள் அம்மா அந்தச் சுற்று வட்டாரத்தில் பிரசவம் பார்க்கிறவள். இந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். மாமனார் இருக்கிற பக்கம் தலையை நிமிர்த்தமாட்டாள். காட்டுப்பக்கத்துப் பெண், ஒன்றும் தெரியாது என்று எனக்குள் ஓர் இளக்காரம். உண்மையில் ஒன்றும் தெரியாதவள் யார் என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். இரண்டாவது பேறு, அதனால் புருஷன் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவாகியிருந்தது. மூத்தவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மாவிடம் இருந்தான். தைப் பொங்கலுக்கு ஓரகத்தியை அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனான். வண்டி ஏறுகிற நேரத்தில் எனக்குத் தைக் கிருத்திகை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் காதோடு சொன்னேன்.

“ஏட்டி, ஒங்க ஊரு மலைல கொடிக்கிழங்கு கெடைக்குமா?”

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“கெடைக்கும் அக்கா. எங்க அம்மைட்டயே இருக்கும்.”

“வரும்போது கொஞ்சம் கொண்டா. நாள் நெருங்குது, மறந்துராத.”

“மறப்பனா அக்கா?” என்றாள். அவ்வளவு அக்கறையாக அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கிழங்குக்குப் போய் இம்புட்டு உருக்கமா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் திரும்பி வந்தாள். எல்லோரும் அந்தண்டை போகும்வரை காத்திருந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஓலைக்கொட்டானை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நீங்க கேட்டது அக்கா. மண்ணுப் போகக் கழுவி, கொட்டானுக்கு அடங்குற மாதிரி அம்மையே ஒடிச்சுக் கொடுத்துச்சு. யாரு கண்ணுலயும் படாம வைங்க, பத்திரம்.”

நான் திறந்து பார்த்தேன். விரல் பருமனில் நாலைந்து துண்டு. பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை. இம்புட்டுத்தானா என்று இருந்தது. மலைக்காரர்கள் கொண்டு வருவது கை நீளம் இருக்கும். ஏதோ இளங்கிழங்கு போலிருக்கிறது, புதுப்பெண்ணின் சீர் இவ்வளவுதான் என்று நினைத்து அடுப்படி மாடத்தில் வைத்தேன். யார் கண்ணிலும் படாமல் என்றது, எனக்கென்று தனியாகக் கொண்டு வந்தது தெரிந்தால் கொழுந்தன் கேலி செய்வான் என்பதற்காக என்று எடுத்துக்கொண்டேன். கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

மறுநாள் தைக் கிருத்திகை. அத்தை காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்தாள். நான் கிழங்கைத் தோல் சீவினேன். வழக்கமான கிழங்கு நறுக்கும்போது கையில் வழவழவென்று ஒட்டும். இது ஒட்டவில்லை. நல்ல சாதி போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வேகவைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, தேங்காய் துருவி, வாழையிலையில் வைத்தேன். விரதக்காரருக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது, எச்சிலாகிவிடும். அதனால் நான் வாயில் வைக்கவில்லை.

அத்தை ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று தின்றாள்.

“என்னட்டி, லேசாக் கசக்குது?”

அன்று காலையிலிருந்து எனக்கு இடுப்பு வலி. அடுப்புப் புகை வேறு. வெடுக்கென்று சொன்னேன்: “விரத வாய்க்கு வெல்லமும் கசக்கத்தான் செய்யும் அத்தை. பிடிக்கலைன்னா விட்டுருங்க.”

அத்தை என்னைப் பார்த்தாள். மூன்றாவது துண்டையும் எடுத்துத் தின்றாள். அவள் விரதத்தன்று நானும் கொஞ்சம் எடுத்துத் தின்பது வழக்கம். கையை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

“நீ வேண்டாம். வயித்துப் பிள்ளக்காரி கசப்புத் திங்கப்பிடாது.”

மிச்சம் அப்படியே மூடி வைக்கப்பட்டது. கசப்பாக இருக்கிறதே என்று நிறுத்தியிருந்தால் மூன்றாவது துண்டு உள்ளே போயிருக்காது. எனக்குக் கொடுத்திருந்தால் நானும் என் வயிற்றில் இருந்ததும் இல்லை. இரண்டையும் அவளேதான் செய்தாள். இந்தக் கணக்கை நான் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தைக்கு வாந்தி எடுத்தது. பிறகு வயிற்றால் போனது. பிறகு நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா “அய்யோ வதினா” என்று அண்ணி முறை சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வந்து அவள் தலையைத் தாங்கிக்கொண்டாள். அத்தையின் கண் உள்ளே போய்விட்டது. உதடு வெளுத்து, தொண்டை எரிகிறது, எரிகிறது என்று தண்ணீர் கேட்டாள், குடித்தது அத்தனையும் வெளியே வந்தது. அந்த ராத்திரியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

விடிந்ததும் என் புருஷன் கடைத்தெருவுக்குப் போய் மருந்துக்கடை ராவுத்தரைக் கூட்டி வந்தார். மூலிகையும் வேரும் விற்கிற வயதான மனுஷர். மலையில் முளைக்கிறது எதுவும் அவர் கைக்கு வராமல் ஊருக்குள் வராது. நாடியைப் பார்த்தார். என்ன தின்றாள் என்று கேட்டார். மூடி வைத்த மிச்சத்தைக் கொண்டு வந்து காட்டினேன். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார், கையைத் துணியில் அழுத்தித் துடைத்தார்.

“இது கலப்பைக் கிழங்குல்லா. செவப்பும் மஞ்சளுமா நெருப்பு கணக்காப் பூக்குமே, அந்தக் கொடியோட வேரு. வெசம். இத யாரு உள்ள கொடுத்தா?”

அந்தக் கிழங்கின் பேரைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவு வரும். சாக நினைத்தவர்கள் தேடிப் போகிற கிழங்கு அது. சாகடிக்க நினைத்தவர்களும்தான்.

மாமனார் என்னைப் பார்த்தார். “யாரு கொண்டாந்தது?”

“சின்னவ கொண்டாந்தா மாமா,” என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் அது பெரிய பாவம். பொய் சொல்லியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

ஓரகத்தி தூணுக்குப் பின்னால் நின்றாள். “அக்கா கேட்டாகன்னுதான்...” என்று ஆரம்பித்தாள்.

“நான் அத்தை வெரதத்துக்குக் கெழங்கு கேட்டேன்,” என்றேன். “இதக் கேக்கல.”

அவள் வாயைத் திறந்தாள், மாமனாரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: புது மருமகள் மாமியாருக்கு மருந்து வைத்துவிட்டாள். கொழுந்தன் அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவளை வந்து கூட்டிக்கொண்டு போகும்படி அவள் அண்ணனுக்கு ஆள் போனது. அப்படிப் போகிற பெண் திரும்பி வருவதில்லை. அத்தை இறந்துபோனால் அவளைத் தேடிப் போலீஸ்காரரும் போவார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது எங்கள் வீட்டிலேயே அடுப்படிக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் நடுவில் இருந்தது. அவளைத் தொழுவத்துப் பக்கம்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் அத்தை இழுத்துக்கொண்டு கிடந்தாள். ராவுத்தர் காலையும் மாலையும் வந்தார். சுக்குக் கஷாயமும் மோரும் கஞ்சித்தண்ணியும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னார். “என் கைல பெரிசா ஒண்ணுமில்ல தாயி. ஒடம்புல தண்ணி வத்தாமப் பாத்துக்கிடுங்க. மிச்சம் ஆண்டவன் பாடு.” அத்தைக்குக் கைவிரலும் கால்விரலும் மரத்துப்போயின. யார் எவர் என்று தெரியாமல் பிதற்றினாள். நான் கரண்டியால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் கையால் கொடுத்த விஷத்தை என் கையாலேயே கழுவிவிடலாம் என்பது போல.

மூன்றாம் நாள் காலை, அண்ணன்காரன் வண்டியோடு வருகிறான் என்று சேதி வந்தது. நான் தொழுவத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. சண்டை பிடிக்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அவள் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, ஒனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? கெழங்கு கேட்டா வெசத்தக் கொண்டாருவியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். ஆச்சரியம்தான் இருந்தது.

“அக்கா, நீங்க கொடிக்கிழங்குல்லா கேட்டிய?”

“ஆமா.”

“எங்க ஊருல அதான் அக்கா கொடிக்கிழங்கு. பிள்ள பொறந்த பொறவு கொடி விழலைன்னா எங்க அம்மை அத அரைச்சுத் தொப்புளச் சுத்திப் பூசும். வெளிய பூசுறது அக்கா. வாயில வைக்கமாட்டாக. நாள் நெருங்குதுன்னு சொன்னியல்லா? எட்டு மாசம் ஆச்சே, பிரசவத்துக்குத்தான் முன்கூட்டிச் சேத்து வைக்கிறியன்னு நெனச்சேன்.” துணிமூட்டையை இறுக்கிக்கொண்டாள். “மாமா முன்னாடி அந்தப் பேச்ச எப்படி அக்கா பேசுவேன்?”

கொடி என்று நான் சொன்னது செடிகொடி. அவள் காதில் விழுந்தது நஞ்சுக்கொடி. நாள் என்று நான் சொன்னது கிருத்திகை. அவள் எடுத்துக்கொண்டது என் பேறுகாலம். என் வயிற்றை அவள் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்காக, என் உயிருக்காக, வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். அதை நான் வெல்லம் போட்டு வேகவைத்தேன்.

“நீ ஏன் என் பேர இழுக்கல? நான்தான் கொடிக்கிழங்குன்னு கேட்டேன்னு கத்த வேண்டியதுதான?”

“கத்துனா ஒங்களயில்லா அக்கா சந்தேகப்படுவாக? வயித்துல பிள்ளையோட எங்க போவிய?”

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லை வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த சொல் என்று நான் ஒளித்து வைத்துக்கொண்டதே இரண்டு நாள் எனக்கு மறைவிடமாக இருந்தது. அவள் எதை நினைத்துக் கொண்டு வந்தாள் என்பது எனக்குப் புரியாமல் இருந்தது உண்மை. ஆனால் நான் கேட்ட சொல் எது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லையே, அதற்கு என்ன சாக்குச் சொல்வேன்?

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாமனார், என் புருஷன், கொழுந்தன், ராவுத்தர், வாசல்படியில் தலை குனிந்து நிற்கிற அவள் அண்ணன். அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் நான் அதுவரை நின்று பேசியதில்லை.

“மாமா, இவ மேல தப்பில்ல. நான் கேட்டதத்தான் கொண்டாந்தா. நான் கொடிக்கிழங்குன்னு கேட்டேன்.”

“கொடிக்கிழங்கா? அப்படின்னா?” என்றார் மாமனார்.

ராவுத்தர் தலையை நிமிர்த்தினார். பெண்கள் சங்கதி என்பதால் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மலையடிவாரத்துல இந்தக் கலப்பைக் கிழங்குக்கு அப்படி ஒரு பேர் உண்டு அய்யா. பிரசவத்துக்குப் பூச வாங்கிட்டுப் போவாக. என் கடைக்கும் வந்து கேப்பாக.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். விஷக் கிழங்கைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்கி, மாமியாருக்குச் சமைத்துக் கொடுத்தவள் நான் என்று ஆகிவிட்டது. என் புருஷனின் முகம் மாறிற்று.

“நீயா? நீ எதுக்கு அதக் கேட்ட? என்ன நெனச்சு அத அடுப்புல வச்ச?”

“அது வெசம்னு எனக்குத் தெரியாது. நான் நெனச்சது வேற கெழங்கு.”

“வேற என்ன கெழங்கு? பேரச் சொல்லு!”

முருகனுக்கு இளையவள் என்று சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். இப்போது எழுத வருகிறதே, அப்போது வரவில்லை. அந்தப் பெண்ணின் கையை நான் இன்னும் விடவில்லை. நான் சொன்னேன். அத்தையின் பேரை, முழுசாக, தொண்டை கிழியச் சொன்னேன். கிழங்கு என்ற பாதியைச் சொல்லும் முன்னே மூச்சு நின்றுவிட்டது. வெறும் பேர் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு நாளாகப் பிதற்றலைத் தவிர வேறெதுவும் வராத தொண்டையிலிருந்து, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி.

“யாரு, ஆத்தாளா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனாருக்கு அவள் ‘ஏளா’. பிள்ளைகளுக்கு அம்மா, எங்களுக்கு அத்தை, தெருவுக்குப் பெரிய வீட்டுக்காரி. அந்தப் பேரை வாய்நிறையச் சொன்னவள் அவளைப் பெற்றவள் ஒருத்திதான், அவள் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அந்தப் பேர் காதில் விழுந்ததும் தன் தாய்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அத்தை எங்கேயோ இருந்து திரும்பி வந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன்.

உள்ளே ஓடினோம். அத்தை கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

“எங்க ஆத்தா சத்தம் கேட்டுச்சு.”

“நான்தான் அத்தை. பெரியவ. தப்புத்தான்.”

“நீயா எம் பேரச் சொன்ன?”

“ஆமா அத்தை.” எல்லாவற்றையும் சொன்னேன். கொடியையும் சொன்னேன், நாளையும் சொன்னேன். மாமனார் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இனி எனக்கு என்ன வெட்கம்?

அத்தை தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “சின்னவ எங்க?”

“இந்தா நிக்கா.”

“அவளக் கஞ்சி ஆத்திக் கொண்டாரச் சொல்லு. அவதான் கொண்டாரணும். நீ ஊத்துனது போதும்.”

அந்தப் பெண் கஞ்சி கொண்டு வந்தாள். வந்த அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. மீதியை அவள் கையாலேயே வாங்கி அத்தை குடித்தாள், கொழுந்தன் பார்க்கக் குடித்தாள், அவள் அண்ணன் பார்க்கக் குடித்தாள். அது உள்ளேயே தங்கிற்று. மாமனார் வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம், “மாட்ட அவுத்துக் கட்டுப்பா, வந்த பிள்ள சாப்பிட்டுட்டுப் போகட்டும்,” என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் கிழங்கு சும்மா விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முதல் தடவையாகத் தலை வாரிவிட்டபோது சீப்போடு ஒரு கற்றை வந்தது. அடுத்த இழுப்பில் இன்னொன்று. நாலே நாளில் முழங்காலைத் தொட்ட முடி அத்தனையும் போய்விட்டது. ராவுத்தர், “அந்தக் கெழங்கோட கொணம் அது தாயி, திரும்ப மொளைக்கும்,” என்றார். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிணற்றடியோடு நின்றுகொண்டாள். தெருப்பக்கம் வரவில்லை. புருஷன் உயிரோடு இருக்க மொட்டைத் தலையோடு எப்படி வருவாள்? வெள்ளிக்கிழமை மட்டும் மாமனார் பழைய மாதிரியே எதையோ தேடிக்கொண்டு இரண்டு தடவை கிணற்றடிக்குப் போய் வந்தார். நாங்களும் பார்க்காதது போல் இருந்துவிட்டோம்.

ஒரு நாள் அத்தை காலில் விழுந்தேன். “கசக்குதுன்னு சொன்னியளே அத்தை, அப்பவே துப்பியிருக்கலாம்லா? நான் வாய்க்கொழுப்பா பேசுனதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்லா?”

“எனக்கு அந்தக் கெழங்கோட ருசி தெரியாதாட்டி?” என்றாள் அத்தை. “வேண்டாம்னுதான் நெனச்சேன். ஒம் மூஞ்சி வாடிச்சு. மாசமா இருக்கிறவ அடுப்புல வெந்து செஞ்சிருக்காளே, ஒரு துண்டு கூடத் தின்னா என்ன ஆயிரப்போகுதுன்னு தின்னேன்.”

வாயாடி என்று பேரெடுத்தவள், மரத்துப்போன அவள் கால்விரல்களைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.

மாசிக் கடைசியில் எனக்கு வலி எடுத்தது. ஓரகத்தியின் அம்மாதான் பிரசவம் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்று, மாமனாருக்குத் தெரியும்படி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். அவளுக்கும் வாய்த் துடுக்கு உண்டு. கொடி தானாகவே விழுந்தது. பெண் குழந்தை.

முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது வழக்கம். நான் பயந்து கிடந்தேன். மகனை ‘ஏலே’ என்று கூப்பிட்டாயிற்று, மகளை இனி ‘ஏட்டி’ என்று கூப்பிட வேண்டியதுதான். பேர் வைக்கிற அன்று அத்தை முக்காட்டோடு கூடத்துக்கு வந்தாள், உட்கார்ந்தாள், எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினாள்.

“எம் பேருதான் வைக்கணும். வச்சா நீங்க ரெண்டு பேரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். பட்டு, குட்டின்னு வேற பேரு சொன்னீய, பாத்துக்கிடுங்க. ஒரு வார்த்தைய முழுங்கித்தான் இம்புட்டும் வந்துச்சு. இனி இந்த வீட்டுல யாரும் எதையும் முழுங்கக் கூடாது.”

மாமனார் வேறெங்கோ பார்த்தார். ஓரகத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நாங்கள் வெட்கப்படுவோம் என்று தெரிந்துதான் போனாள்.

நான் தொட்டில் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை நன்றாகவே கேட்டது. தொட்டிலில் இருந்தது கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

“இந்தா வாரேன்,” என்றது அடுப்படியிலிருந்து அத்தையின் குரல்.